பராக்கு

எதிர்வீட்டுப் பையன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். போன வாரம் தடியாக ஒரு கைடைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஸார், இந்த அஞ்சுக்கும் என்ன வித்தியாசம்?" என்றான். டாய், ட்ரைஃபிள், ஃபிடில், டாபிள், ஃப்ளர்ட். ஐந்துக்கும் எதிரே அச்சாகியிருந்த தமிழ் ஒன்றுதான்: விளையாட்டாகச் செய்தல். முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராய் இருந்தவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு இந்த மாதிரி விஷயங்களுக்கெல்லாம் கோபம் வருவதில்லை. சுவாரஸ்யம்தான் வருகிறது.

உட்காரவைத்துச் சொன்னேன். டாய் என்றால் பொம்மையை உருட்டுவதுபோல ஒரு யோசனையை உருட்டிக்கொண்டிருப்பது. ட்ரைஃபிள், கேலியையும் ஏமாற்றையும் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதனால் அதில் கொஞ்சம் அலட்சியம் ஒட்டிக்கொண்டிருக்கும். டாபிள், தண்ணீரில் கையை அளைவது. குளிக்கவும் மாட்டான், கரையேறவும் மாட்டான். ஃபிடில், வயலின் தந்தியை நோண்டுவது. ஃப்ளர்ட்டுக்கு முதலில் காதலோடு சம்பந்தமே கிடையாது. விசுக்கென்று சுண்டுவது என்றுதான் பொருள், விசிறியைச் சுண்டுவதுபோல. பாதி சொல்லும்போதே கவனித்தேன், பையன் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி மோட்டார் சைக்கிள் சீட்டில் ஏறி நின்றுகொண்டிருந்தது.

"ஏல, அங்க என்ன பராக்கு?" என்றேன். சொன்ன பிறகு நானும் ஆட்டைத்தான் பார்த்தேன்.

அவன் போன பிறகு அந்த ஐந்து சொல்லையும் மறுபடி அடுக்கிப் பார்த்தேன். ட்ரைஃபிளை விட்டால் எல்லாம் கை. உருட்டுவது, அளைவது, நோண்டுவது, சுண்டுவது. வெள்ளைக்காரன் அக்கறையில்லாமல் ஒன்றில் ஈடுபட்டால் அவன் கை எதையாவது தொட்டுக்கொண்டிருக்கிறது. நம் பக்கம் பாருங்கள்: பராக்குப் பார்ப்பது, வேடிக்கை பார்ப்பது, வாய் பார்ப்பது, நோட்டம் பார்ப்பது. எல்லாம் கண். அளைவது நமக்கும் உண்டுதான், ஆனால் அதைச் சோற்றுத் தட்டோடு குழந்தைகளுக்கு ஒதுக்கிவிட்டோம். பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார்கள்.

இந்தப் பார்வைகளும் ஒன்றுபோல் இல்லை. நோட்டம் ஒருகாலத்தில் காசு நல்லதா கள்ளதா என்று சோதிக்கும் தொழில். அதனால் நோட்டம் பார்க்கிறவன்மேல் இன்றைக்கும் நமக்குச் சந்தேகம். வாய் பார்ப்பவன் பாவம், அவன் பார்ப்பது தன் பங்கில்லாத ஒன்றை. வேடிக்கையின் தெலுங்குச் சொந்தம் 'வேடுக', அங்கே அது கொண்டாட்டம். இங்கே அது மத்தாப்பாகவும் இருக்கும், ஜோக்காகவும் இருக்கும், லாரி கவிழ்ந்த இடத்தில் கூடுகிற கூட்டத்தின் குற்றமாகவும் இருக்கும். தமாஷ் இன்னும் சுற்றி வந்தது. அரபியில் கூடி நடப்பதைக் குறித்த சொல், பாரசீகத்துக்குப் போய்க் காட்சி ஆகி, மராட்டியில் கூத்தாகி, நம்மிடம் சிரிப்பாக வந்து சேர்ந்திருக்கிறது. நடந்தார்கள், பார்த்தார்கள், சிரித்தார்கள். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு எங்கள் ஊர் ரத வீதியில் ஒரு சாயங்காலம் நின்றால் இந்த மூன்றும் இதே வரிசையில் நடப்பதைப் பார்க்கலாம்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது பராக்குதான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை எடுத்தேன். 1924க்கும் 1936க்கும் இடையே ஆறு தொகுதிகளாக வந்தது. முடித்துக்கொடுத்தவர் எங்கள் திருநெல்வேலிச் சீமை வையாபுரிப் பிள்ளை, வக்கீலாயிருந்து அகராதிக்குப் போனவர். அதில் பராக்கு என்றால் கவனமின்மை. பக்கத்திலேயே இன்னொரு பராக்கு: அரசர் முன்னால் கட்டியக்காரன் கூவுவது, 'கவனியுங்கள்' என்று பொருள். ஒரே ஒலி, ஒன்றுக்கொன்று நேர் எதிர். நாடகத்தில் ராஜா வரும்போது 'பராக் பராக்' என்கிறானே, அவனும், சின்ன வயதில் பராக்குப் பார்க்காதே என்று என்னை அதட்டிய அம்மாவும் ஒரே சொல்லைத்தான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இது எப்படி என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றுவது இது. பாம்பைக் கண்டவன் "பாம்பு! பாம்பு!" என்று கத்துகிறான்; விலகு என்று அதற்கு அர்த்தம். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள் தலபுராணத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற ஊர்க்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டியக்காரனும் ஆபத்தின் பெயரைத்தான் கூவுகிறான்: பராக்கு! பராக்கு! உங்கள் கண் எங்கேயோ இருக்கிறது! மொழியறிஞர்கள் அடிக்க வரலாம். வரட்டும்.

வடமொழியில் பராக் என்றால் அப்பால் திரும்பிய, வெளிநோக்கிய என்று பொருள். கட உபநிடதத்தில் எமன் நசிகேதன் என்ற சிறுவனிடம் ஒரு குறை சொல்கிறான். படைத்தவன் புலன்களின் துளைகளை வெளிப்பக்கமாய்க் குத்திவிட்டான், அதனால் மனிதன் வெளியே பார்க்கிறான், உள்ளே பார்ப்பதில்லை என்று. வெளியே என்பதற்கு அங்கே வருவது இதே பராக்கின் ரூபம்தான். அதாவது மனுஷன் பராக்குப் பார்க்கிறான் என்பதுதான் எமனின் புகார், எங்கள் அம்மாவின் புகார் எதுவோ அதுவே. எமன் முதலில், மரண ரகசியம் கேட்ட அந்தப் பையனுக்கு யானை, குதிரை, ஆடல்மகளிர் எல்லாம் தருகிறேன் என்று ஆசை காட்டிப் பார்த்தான். பையன் திரும்பிப் பார்க்கவில்லை. நானாயிருந்தால் யானையோடு போயிருப்பேன். மரண ரகசியத்தை வேறு யாராவது கேட்டுக்கொள்ளட்டும்.

எமனுக்குப் பதில் சொல்ல எங்கள் தெரு விசைத்தறிக்காரர் ஒருவர் போதும். நாலு தறியை ஒரு ஆளாகப் பார்க்கிறார். எந்தத் தறியையும் உற்றுப் பார்க்கமாட்டார். டீ குடிப்பார், தெருவைப் பார்ப்பார், என்னிடம் அரசியல் பேசுவார். திடீரென்று எழுந்து போய் மூன்றாவது தறியில் அறுந்த இழையை முடிந்துவிட்டு வருவார். "சத்தம் மாறுச்சுல்லா ஸார்" என்பார். ஒன்றையே முறைத்துக்கொண்டிருந்தால் மற்ற மூன்றும் சேலையைக் கெடுத்திருக்கும்.

நானும் ஒரு ஆடித் தபசில் பராக்குப் பார்த்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். கோமதியம்மன் புன்னைவனத்தில் நின்ற தவம்தான் ஆடித் தபசு. சங்கரனும் நாராயணனும் ஒரே உருவாய்த் தெரியும்வரை அசையவில்லையாம். அந்த அசையாமையைக் கொண்டாட ஊரே பத்துப் பன்னிரண்டு நாள் அசைந்துகொண்டிருக்கும். கொடி ஏறியதும் ஆடிச் சுற்று. நூற்றியொன்று, நூற்றியெட்டு, ஐந்நூற்றியொன்று என்று அவரவர் நேர்ந்துகொண்டபடி பிரகாரத்தைச் சுற்றுவார்கள். ஆச்சிக்கு நூற்றியெட்டு. நாளுக்கு முப்பத்தாறாக மூன்று நாள் என்று திட்டம். எண்ணுவது என் வேலை. வலது டவுசர்ப் பையில் முப்பத்தாறு புளியமுத்து. ஆச்சி என்னைக் கடக்கும்போதெல்லாம் ஒன்றை இடது பைக்கு மாற்ற வேண்டும். "பராக்குப் பாக்காம நிக்கணும், என்ன?"

ஏழெட்டுச் சுற்றுவரை தவம்போலத்தான் நின்றேன். அப்புறம் ஒரு அணில் வந்தது. யாரோ மாவிளக்கு வைத்துவிட்டுப் போன இடத்தில் கொஞ்சம் மாவு சிந்திக் கிடந்தது. அணில் தூணிலிருந்து தலைகீழாய் இறங்கும், ஆள் காலுக்கு நடுவே ஓடி ஒரு துணுக்கை எடுக்கும், தூணில் பாதி ஏறி நின்று இரண்டு கையாலும் பிடித்துத் தின்னும், மறுபடி இறங்கும். ஒரு தடவை அதன் வாலை ஒரு தாத்தா மிதிக்கப் பார்த்தார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எத்தனை புளியமுத்து மாறாமல் போயிற்று என்று யாருக்குத் தெரியும்? நினைவு வந்தபோது பயந்து ஒன்றே ஒன்றை மாற்றினேன்.

வலது பை காலியானதும் கையை ஆட்டினேன். ஆச்சி வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பத்தாறா முடிஞ்சிட்டு?"

"முடிஞ்சிட்டு ஆச்சி."

"எனக்கு நாப்பத்தஞ்சு சுத்துன மாதிரி இருக்குல."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி புளியமுத்தையெல்லாம் தரையில் கொட்டி மூன்று முறை எண்ணினேன், அது ஏதோ பதில் சொல்லிவிடும் என்பதுபோல. சரியாக முப்பத்தாறு இருந்தது.

மறுநாள் காலை ஆச்சி என் வலது பையில் புளியமுத்தைப் போட்டாள். அப்புறம் இடுப்புச் செருகலிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். வெல்லம் போட்டுப் பிசைந்த மாவு, நெல்லிக்காய் அளவு.

"திங்காதல," என்றாள். "அது அந்த அணிலுக்கு."