வண்டி நிறுத்தும் வித்தை

வேன் ஓட்ட எனக்கு முன்பே தெரியும். வேனுக்குள் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு ஓட்டுவதும், பொழுது சாயும்போது அந்த வீட்டை எந்த மண்ணில் நிறுத்துவது என்று முடிவு செய்வதும் தனித் தொழில். அதை நான் வாலிகண்டபுரத்தில், என் கணவரின் தாய்மாமனிடம் கற்றேன். லாரியிலேயே ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது வாலீஸ்வரர் கோயில் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாலும், நெடுஞ்சாலையில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே லோடு எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடுவார்.

திருச்சிக்கும் சென்னைக்கும் நடுவே ஓடும் இந்தச் சாலை நெடுங்காலமாகவே வந்தவர்கள் தங்கிப் போகும் வழி. 1751-ல் சந்தா சாகிப்பின் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரர்களும் முகமது அலியின் பக்கம் நின்ற ஆங்கிலேயர்களும் மோதியது இதே வாலிகண்டபுரத்தில்தான். கொஞ்சம் வடக்கே போனால் ரஞ்சன்குடிக் கோட்டை. படைகள் தங்கிய ஊரில், ஒற்றை வேனில் தங்கப் பழகினோம் நானும் என் கணவரும். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஏரிகளைச் சுற்றி வர வேண்டும், ஒவ்வொரு ஏரியின் பக்கத்திலும் ஓர் இரவாவது தூங்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்காகப் பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பு மேடையும் அமைத்தோம். வண்டியின் அமைப்பை மாற்ற 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி அனுமதி வேண்டும், ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். “காகிதம் சுத்தமா இருந்தாத்தான் டிரைவருக்குத் தூக்கம் வரும்” என்று சொல்லி, அந்த வேலை முடிந்த பிறகுதான் மாமா பாடத்தையே தொடங்கினார்.

முதல் பாடம் எடை. நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. அந்த நூறு கிலோவும் வளைவில் ஒரு பக்கம் சாயும், பிரேக் போட்டால் முன்னால் பாயும். அதனால் தண்ணீர்த் தொட்டி தரையோடு தரையாக, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். ஒரே தொட்டியைவிடத் தடுப்பு வைத்த தொட்டி நல்லது. அரைத் தொட்டித் தண்ணீர்தான் மிக அதிகமாக அலையும். கிளம்பும்போது நிரப்பிக்கொள், இல்லையென்றால் காலி செய்துவிடு என்பது அவருடைய கட்டளை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது போதாது, சிலிண்டர் இருக்கும் பெட்டியின் அடியிலேயே வெளியே போகத் துளை இருக்க வேண்டும். அடுப்பு எரியும்போது மேலே ஒரு திறப்பும் வேண்டும், கதவை மூடிக்கொண்டு குளிருக்காக அடுப்பை எரிய விடவே கூடாது. இதையெல்லாம் மாமா குரலை உயர்த்தாமல், ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்தது மண். இதில்தான் என் காலம் அதிகம் போனது. பச்சைமலை அடிவாரத்துப் பக்கம் செம்மண்ணும் சரளையும். கிழக்கே போகப் போகக் கரிசல். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற பூமி. வெயில் காலத்தில் கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும், லாரியையே தாங்கும். ஒரு மழை பெய்தால் டயரில் அப்பிக்கொண்டு விடாது. “ஏம்மா, வண்டியை விட்டு எறங்கு. செருப்பைக் கழட்டிட்டு நட. குதிகாலு எங்க அமுங்குதோ அங்க வண்டி போவாது” என்பார் மாமா. அவர் முன்னால் நடக்க, பின்னால் நான் நடப்பேன். காய்ந்த மேலோட்டுக்குக் கீழே ஈரம் இருந்தால் பாதத்தில் ஒரு நெளிவு தெரியும். அந்த நெளிவைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, கால்தான் சொல்லும். சீமைக்கருவேல முள் எங்கே கிடக்கிறது என்பதும் நடந்தால்தான் தெரியும். டயருக்கு அதைவிடப் பெரிய எதிரி இந்தப் பக்கத்தில் இல்லை.

நிறுத்தும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. இருட்டுவதற்கு முன்னால் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். வண்டியின் மூக்கு எப்போதும் சாலையைப் பார்த்திருக்க வேண்டும். ராத்திரியில் ஏதாவது என்றால் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மட்டம் பார்க்க ஒரு சொம்பில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மேடையில் வைப்பேன். எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் பலகை. பிறகு சக்கரத்துக்குக் கட்டை. ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி லாரிக்காரர் யாரும் தூங்க மாட்டார்கள்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். ஏரிக்கரைக்கு என்று தனிப் பாடம் இருந்தது. அதற்கு மாமா என்னை வேறோர் ஆளிடம் அனுப்பினார். பக்கத்து ஊரில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டுத் தந்த பெரியவர் அவர். என் கணவர் அவரைத் தாத்தா என்றே கூப்பிட்டார், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

தாத்தா முதலில் கேட்டது, “ஏரிக்கு எத்தனை வாய் தெரியுமா?” என்பது. பிறகு கரையோடு நடத்திக் காட்டினார். தண்ணீர் வந்து சேரும் வரத்து வாய்க்கால். வயலுக்குப் போகும் மதகு. நிரம்பினால் வழியும் கலிங்கு. கலிங்கிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் கால்வாய். இந்தப் பக்கத்து ஏரிகள் பலவும் ஒன்றின் மிச்சம் அடுத்ததற்குப் போகும்படி கோத்துவிட்டவை. ஆகவே, வெறும் பள்ளம் என்று கண்ணுக்குத் தெரிவது ஐப்பசியில் ஓடையாகிவிடும். கலிங்குக்குக் கீழே சமதளமாக, புல் முளைத்து, நிறுத்தச் சொல்லி அழைக்கிற மாதிரி ஓர் இடம் எல்லா ஏரியிலும் இருக்கும். அங்கே நிறுத்தவே கூடாது. மேலே இருக்கிற ஏரி நிரம்பினால், இங்கே மழை பெய்யாத இரவிலும் தண்ணீர் வரும். வற்றிய ஏரியின் உள்வாயிலும், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பிலும், இறங்கக் கூடாது; மேலே ஓடு, கீழே வண்டல்.

கரைமேல் நிறுத்தலாமா என்று கேட்டேன். பார்வைக்கு அதுதான் அழகான இடம். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பச்சை வயல். தாத்தா கையை மறித்துக் காட்டினார். நனைந்த கரையில் டயர் பதிந்தால் பள்ளம் விழும், மழைநீர் அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கரையை அரிக்கும். நாம் ஒரு ராத்திரி தூங்கிவிட்டுப் போய்விடுவோம், அந்தக் கரையை நம்பி ஏரி பாயும் ஆயக்கட்டு முழுக்க நெல் இருக்கிறது. அன்று முதல் மண் கரையில் நான் வண்டியை ஏற்றியதில்லை. பெரும்பாலான ஏரிகளில் கரைக்கு வெளிப்புறம், ஊருக்குப் பக்கமாக, அய்யனார் கோயில் திடல் இருக்கும். மேடான, இறுகிய தரை. ஊரில் கேட்டுவிட்டு அங்கே ஓர் ஓரமாக நிறுத்துவோம். கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, பல இடங்களில் சாப்பாடும் வந்தது.

கற்றதை வைத்துச் சுற்றினோம். மேற்கே பச்சைமலை அடிவாரத்து விசுவக்குடி அணைக்கட்டு. மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர், அதன் ஏரி. கிழக்கே அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளோடு சாலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பெரிய வண்டி பின்னால் வந்தால் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி வழிவிடுவதும் மாமா சொல்லித் தந்த மரியாதைதான். அந்தச் சுண்ணாம்புக்கல் பூமியில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது, அதைப் பார்க்காமல் யாரும் திரும்ப வேண்டாம்.

கரைவெட்டியில் தங்கும் ஒழுங்கே வேறு. ஏறக்குறைய 454 ஹெக்டேர் ஏரி, பறவைகள் சரணாலயம், 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மேட்டூரிலிருந்து திறக்கும் காவிரித் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிரப்புகிறது. இமயமலையைத் தாண்டிவரும் பட்டைத்தலை வாத்து குளிர்காலத்தில் இறங்கும் இடம். சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது, தங்கவும் கூடாது. நாங்கள் தள்ளியிருந்த ஊரில் வண்டியை நிறுத்தி, விளக்கை உள்ளேயே மறைத்து, விடியும் முன் நடந்து போனோம். நான் பார்த்த விடியல்களில் அதுவே உயர்ந்தது.

கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் முதலாம் ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் இருக்கிறது, இன்று பொன்னேரி என்று பெயர். கங்கை வரை படை நடத்திய வெற்றியின் நினைவாக ஒரு மன்னன் ஏரி வெட்டியிருக்கிறான். அந்த நீண்ட கரையோரம் நடந்தபோது, இத்தனை மண்ணைக் கூடையில் சுமந்தவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். மாவட்ட எல்லை தாண்டினால் வீராணம். ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அதே ஏரி. நீண்ட ஏரி, முழு நீர்மட்டம் 47.5 அடி, சென்னையின் குடிநீரில் ஒரு பங்கு. அங்கே கரையே தார்ச்சாலை. அதில் பேருந்தும் கரும்பு டிராக்டரும் ஓடும், கரைமேல் நிற்க இடமில்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டே பார்த்துவிட்டு, ஊருக்குள் இறங்கித் தங்க வேண்டும். என் கணவர் அந்தப் பயணத்தில் எடுத்த படங்களில் பாதி, ஓடும் வண்டியின் ஜன்னலிலிருந்து எடுத்தவை.

பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதை ஒரு கேனில் பிடித்து வைத்துக்கொள்வோம். சோப்புத் தண்ணீரை வரத்து வாய்க்காலிலோ உள்வாயிலோ கொட்டினால் அது நேரே ஏரிக்குப் போகும். மாடு குடிக்கும், மீன் வாழும் தண்ணீர் அது. கழிப்பறைத் தொட்டியை ஊருக்குள் முறையான கழிப்பறையில்தான் காலி செய்ய வேண்டும். இது அலுப்பான வேலை. ஆனால் இதைச் செய்ய மனமில்லாதவர்கள் வண்டிவீட்டை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் வர வேண்டாம் என்றே சொல்வேன்.

இப்போது கேரவன் பயணம் என்று பலர் கிளம்புகிறார்கள், வரட்டும். பெரம்பலூர் ஏரிகளைப் பார்க்க மார்கழியும் தையும் நல்ல மாதங்கள். வரும்போது இருட்டுவதற்கு முன் வாருங்கள், கரையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள், நிறுத்துவதற்கு முன் அந்த ஊரில் ஒருவரையாவது கேளுங்கள்.