நாற்பதில் கிழவி

மனிதருக்கு முதுமை எப்போது ஆரம்பமாகிறது? சர்க்காரைக் கேட்டால் அறுபதில் என்று சொல்லும். ஆம்பூரில் கேட்டால், ஊசிக் காதில் நூல் கோக்கத் திணறும் அன்றைக்கே என்று பதில் வரும்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் டேனரிகளில் ஆண்களும், ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்களும் வேலை செய்கிறார்கள். "வேலைக்குப் பெண்கள் தேவை; வயது 18 முதல் 35 வரை" என்னும் நோட்டீஸ்களைச் சுவர்களில் பார்க்கலாம். முப்பத்தாறு வயதுக்காரி செய்த குற்றம் யாதோ, அதை எந்த நோட்டீஸும் சொல்வதில்லை.

நான் ஒரு பள்ளி உபாத்தியாயர், நாற்பதைக் கடந்தவர். எங்கள் உத்தியோகத்தில் இந்த வயதுக்கு 'அனுபவம்' என்று பெயர். அதற்கேற்பத் தமிழ்நாட்டு சர்க்காரும் தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-ல் 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்த்திற்று. என் மாணவி ஒருத்தியின் தாயாருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். 'அப்பர்' எனப்படும் ஷூவின் மேல்பாகத்தைப் பதினைந்து வருஷம் தைத்தவர். மணிக்கு இத்தனை ஜோடி என்ற கணக்குக் குறையவே, கம்பெனியில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. இப்போது அப்பர்களைக் கட்டாக வீட்டுக்கு வாங்கிவந்து, ஜோடிக் கூலிக்குக் கையால் தைக்கிறார்.

அவருடைய கையில் யாதொரு கோளாறும் இல்லை. நாற்பதை ஒட்டிக் கண்ணின் வில்லை இறுகத் தொடங்குவதும், அருகிலுள்ள பொருள் மங்குவதும் உலகத்தார் அனைவருக்கும் பொதுவானவை. நான் கண்ணாடி போட்டுக்கொண்டேன். அவரைக் கேட்டதற்கு, "கண்ணாடி போட்டால் கிழவி என்று தெரிந்துவிடுமே, ஐயா!" என்றார். வேலையைக் காப்பாற்ற வேண்டிய பொருளே வேலைக்கு உலை வைக்கும் என்று அஞ்சும்படி ஆக்கிவிட்டோம்.

இது என் ஊகம் மட்டும் அன்று. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 750 தொழிலாளரை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2018-ல் வெளியாயிற்று. ஒரு பாதிப் பேருக்கு உடனே மூக்குக்கண்ணாடி கொடுத்தார்கள். கொடுக்கப்படாதவர்களோடு ஒப்பிட, அவர்கள் பறித்த இலை ஏறக்குறைய 22 சதவீதம் அதிகரித்தது. ஐம்பதைக் கடந்தவர்களிடம் பலன் இன்னும் அதிகம். இலையைப் பறிப்பதற்கே இப்படியென்றால், தோலில் நேராகத் தையல் போடுவதற்கு எப்படியிருக்கும்!

எல்லாத் தளர்ச்சியும் கண்ணாடியால் தீர்ந்துவிடாதுதான். டேனரியில் ஈரத் தோலைச் சுமந்து முதுகு ஒடிந்தவருக்கு வேறு வழிதான் தேட வேண்டும். ஆனால் இரண்டையும் 'வயதாகிவிட்டது' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவது நியாயமாகுமா?

1969-ல் அமெரிக்க வைத்தியர் ராபர்ட் பட்லர், வயதைக் காரணமாக்கி மனிதரை ஒதுக்குவதற்கென்று தனிப் பெயரே சூட்டினார். நமது அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றால் பேதம் காட்டுவதைத் தடுக்கிறது. அந்த வரிசையில் வயது இல்லை. முதுமையில் உதவி என்பது 41-வது பிரிவில் வருகிறது, அதுவும் அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு. காமராஜர் ஆட்சியில், 1962-ல், மாதம் 20 ரூபாயுடன் முதியோர் பென்ஷன் தொடங்கிற்று. 2023-ல் அது 1,200 ரூபாயாயிற்று. நல்ல காரியம். ஆனால் நாற்பத்தைந்தில் கிழவியாக்கப்பட்டவள் அதைத் தொடுவதற்கு இடையில் பதினைந்து வருஷம் கிடக்கிறதே! தொழிலாளர் சேமநிதிப் பென்ஷனோ 58 வயதுக்கு. அதற்கும் பத்து வருஷச் சந்தா வேண்டும். வீட்டில் இருந்து தைக்கும் வருஷங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

எங்கள் பள்ளிக்கூடங்களில் மாணவர்களின் கண்ணைச் சோதித்து இலவசமாகக் கண்ணாடி வழங்க சர்க்கார் ஏற்பாடு உண்டு. அந்த மேஜையையும் எழுத்துப் பலகையையும் மறுநாள் ஷூ கம்பெனி வாசலில் கொண்டுபோய்ப் போடலாம். முதலாளிகளும் நோட்டீஸிலிருந்து அந்த 35-ஐ அடித்துவிடலாம். அதற்கு ஒரு காசும் செலவில்லை.