விளையாட்டு வேறு, சூது வேறு

எங்க ஏலாக்குறிச்சியில் போனோடு உட்காரும் பிள்ளைகளையெல்லாம் ‘கேம் ஆடிக் கெட்டுப்போச்சுங்க’ என்று ஒரே தராசில் நிறுக்கிறோம். அது நியாயமில்லை. செஸ்ஸும் கார் ரேஸும் விளையாட்டு. பணம் கட்டி ஆடும் ரம்மி சூது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது: பணம் வைத்து ஆடுவதற்குத் தடை, இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம். அதற்கு முன்பே தமிழ்நாடு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண விளையாட்டுக்குப் பூட்டுப் போட்டது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. இரண்டையும் மனதார வரவேற்கிறேன்.

பெற்றோர்களே, போனைப் பிடுங்குமுன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்த கேம் பணம் கேட்டால் அன்றே நிறுத்துங்கள். கேட்காவிட்டால், எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவெடுங்கள்.