டிரெபிள் கயிறு

கேம்பிரிட்ஜுக்கு வெளியே ஒரு கிராமத் தேவாலயம். அதன் கோபுரத்தில் ஆறு மணிகள். அவற்றில் எடை குறைந்த, குரல் உயர்ந்த மணிக்கு டிரெபிள் என்று பெயர். புதிதாகக் கற்க வருபவர்களிடம் பெரும்பாலும் அந்தக் கயிற்றைத்தான் கொடுப்பார்கள். எனக்கும் அதுவே கிடைத்தது.

மணி ஒரு பெரிய சக்கரத்தோடு பிணைந்து, வாய் மேல்நோக்கி நிற்கும். கயிற்றை இழுத்தால் முழு வட்டம் சுற்றி மறுபடி அப்படியே வந்து நிற்கும்; சுற்றுக்கு ஓர் ஒலி. ஒரு சுற்றில் கம்பளி பொதிந்த தடித்த பிடி கைக்கு வரும், அதை சாலி என்பார்கள். அடுத்த சுற்றில் நுனிக்கயிறு மட்டும். சாலியை உரிய நொடியில் விடாவிட்டால் கயிறு ஆளையே மேலே இழுத்துவிடும். அதனால் ஆசிரியை முதலில் சாலியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, நுனியை மட்டும் என்னிடம் விட்டார்.

டிரெபிள் என்றால் மும்மடங்கு. 13ஆம் நூற்றாண்டு மோட்டெட் என்ற பலகுரல் இசையில் டெனர் என்ற குரல் அடியில் நின்று மூலப்பாடலைத் தாங்கும். அதற்கு மேல் இரண்டாம் குரல், அதற்கும் மேல் மூன்றாவது. மூன்றாவது என்ற அந்தப் பெயரே உச்சக் குரலுக்கு நிலைத்துவிட்டது. இன்றும் கோபுரத்தின் கனத்த மணி டெனர், எடை குறைந்த மணி டிரெபிள்.

கைப்பழக்கம் வந்தபின் வரிசை மாற்றம்: மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும் வரிசை ஒவ்வொரு முறையும் மாறும். டிரெபிள் முதலிடத்தில் தொடங்கி, மாற்றத்துக்கு ஓரிடமாகப் பின்னே நகரும். ஆறாமிடத்தில் இரண்டு முறை ஒலித்துவிட்டு, அதே வழியில் முன்னே திரும்பும். பின்னே போக மணியை உச்சியில் சற்றுத் தாமதிக்க வைக்க வேண்டும்; முன்னே வர, முந்தி இழுக்க வேண்டும். இதைக் காதால் மட்டும் பிடிக்க முடியாது. எதிரே நிற்பவர்களில் யாருடைய கயிறு எனக்குச் சற்று முன்னால் இறங்குகிறது என்று கண் தேட வேண்டும். அந்தப் பார்வை பழகுவதுதான் இக்கலையில் ஆகக் கடினமானது என்பேன்.

ஆறு மணிகளுக்கு 720 வரிசைகள். எதுவும் இருமுறை வராமல், தாளைப் பார்க்காமல், அரைமணி நேரத்துக்குள் அடித்து முடிப்பார்கள். 'ப்ளெய்ன் பாப்' முறையில் டிரெபிளின் பாதை மட்டும் மாறுவதே இல்லை. அது முதலிடத்துக்கு வரும்போதுதான் மற்ற மணிகள் தங்கள் பாதையைத் திருப்பும். எளிய வேலை என்று இதைப் புதியவரிடம் கொடுத்தாலும், ஐந்து பேரின் கணக்கும் அந்தக் கயிற்றையே நம்பியிருக்கிறது.

இப்போது இரண்டாம் மணியைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். டிரெபிளில் இன்னொரு புதியவர் நிற்கிறார். அவர் முதலிடத்துக்கு வரும் நேரத்தைப் பார்த்துத்தான் நான் திரும்புகிறேன்.