ஆப்பிள் சாம்பார்

சொந்த ஊர் தாண்டிக்குடி என்று சொன்னால் போதும், சென்னையில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அடடே, ஆப்பிள் தோட்டம் இருக்கா?"

மலை என்றாலே ஆப்பிள் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்தானோ! எங்கள் கீழ்ப்பழநி மலையில் காப்பி உண்டு, மிளகு உண்டு, ஆரஞ்சும் மலைவாழையும் உண்டு. ஆப்பிள் மரத்துக்குப் பல நூறு மணி நேரம் கடுங்குளிர் வேண்டும். சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்க ஊர்க் குளிர் ஸ்வெட்டர் போடத்தான் காணும். ஆகவே ஆப்பிள் எங்களுக்கும் வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறித்தான் வரவேண்டும். அதுவும் யாராவது படுத்தால்!

2009 ஐப்பசியில் அப்பா படுத்தார். பத்து நாள் ஆஸ்பத்திரி. பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் ஆப்பிளோடு வந்தார்கள். அப்பாவுக்கோ சர்க்கரை. வீடு திரும்பியபோது கையிருப்பு: ரொக்கம் 140 ரூபாய், ஆப்பிள் இரண்டு பை. எஸ்டேட் சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள். அம்மாவின் வளையல் ஏற்கெனவே அடகுக் கடையில். தோட்டையும் கழற்ற அவளுக்கு மனசில்லை.

"காய் வாங்காம ஓட்டிடலாம்டா" என்றாள்.

அப்போது நான் பி.காம். இரண்டாம் வருஷம். சரக்கில் முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அம்மாவின் கணக்கு வேறு: அடிபட்டது முதலில் அடுப்புக்கு.

முதல் நாள் மாங்காய்ப் பச்சடி மாதிரியே ஆப்பிள் பச்சடி. புளிப்புக்குக் கொஞ்சம் புளித்தண்ணீர், வெல்லம், வரமிளகாய், கடுகு. மறுநாள் சாம்பார். பருப்பு அரை ஆழாக்குதான் இருந்தது. ஆப்பிளைத் தோலோடு குழைய விட்டாள். ஜாமை உறைய வைக்கும் பெக்டின் ஆப்பிளில் உண்டல்லவா, சாம்பார் கெட்டியாகிவிட்டது! மிச்சத்தைத் துருவி, புளி, மிளகாய்ப்பொடி, வெந்தயப்பொடி போட்டு, நல்லெண்ணெய் பிரியும்வரை கிளறித் தொக்கு. சம்பள நாள்வரை தாங்கியது அதுதான்.

"எனக்கு வந்த ஆப்பிள்ல எனக்குத்தான் பங்கில்ல" என்று முனகினார் அப்பா. வெல்லம் சேராத தொக்கில் அரை ஸ்பூன் கஞ்சியோரம் வைத்தாள். சம்பளத்தன்று சுருக்குப் பையில் 35 ரூபாய் மிச்சம். தோடு காதிலேயே இருந்தது.

மாசக்கடைசியில் மெஸ் கடனுக்குப் பயந்து நடமாடும் பிரம்மச்சாரிகளே, புரட்டாசி ஐப்பசியில் காஷ்மீர், சிம்லா லோடு வந்து குவியும். ராத்திரி தள்ளுவண்டிக்காரர் அடிபட்டதைக் கூறு கட்டித் தள்ளிவிடுவார். கன்றிப் போன இடத்தை மட்டும் வெட்டி எறியுங்கள். பூஞ்சணம் பூத்திருந்தால் பழத்தையே எறியுங்கள், அதில் கஞ்சத்தனம் ஆகாது. ரூமில் யாராவது "இது என்ன காய்?" என்று கேட்டால், இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொள்ளும்வரை வாயைத் திறக்காதீர்கள்.