பதின்மூன்று நிமிஷம்

2013-ஆம் வருஷம் ஆகஸ்டு 14-ஆம் தேதி விடியற்காலை 4 மணி 47 நிமிஷத்துக்கு, அமெரிக்காவில் அலபாமா மாகாணத்துப் பர்மிங்ஹாம் விமான நிலையத்தை நெருங்கிய யூ.பி.எஸ். கம்பெனியின் சரக்கு விமானமொன்று, ஓடுபாதையை எட்டுமுன்பே மரங்களில் மோதித் தரையில் விழுந்து எரிந்துபோயிற்று. அதில் இருந்தவர்கள் விமானிகள் இருவரே. இருவரும் மாண்டார்கள்.

நிலையத்தின் பெரிய ஓடுபாதை, விளக்கு வேலைக்காக 5 மணி வரையில் மூடிக் கிடந்தது. எனவே, இறங்கும் சரிவைக் காட்டும் ரேடியோ வழிகாட்டி இல்லாத சிறிய பாதைக்கு வரவேண்டியதாயிற்று. இன்னும் பதின்மூன்று நிமிஷந்தான்! நம் வீட்டுப் பெரியவர்களாயிருந்தால், "விதி" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தார் அப்படி முடிக்கவில்லை. 2014 செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட முடிவுகளை நான் ஒரு விடுமுறையில் உட்கார்ந்து படித்தேன். உபாத்தியாயர் தொழிலின் தோஷமோ என்னவோ, விடை தப்பு என்பதைக் காட்டிலும், கணக்கு எந்த வரியில் தடம் புரண்டது என்பதை அறிவதிலேயே எனக்கு ஆவல் அதிகம்.

முதல் வரி, விமானத்தின் கணிப்பொறியில் இருக்கிறது. அதில் குறித்திருந்த மார்க்கத்தில் இடையே ஒரு விடுபாடு. அதை அவர்கள் நீக்கவில்லை. ஆகவே கணிப்பொறி காட்டவேண்டிய சரிவு பயனற்றதாயிற்று. தலைமை விமானி முன்கூட்டிச் சொல்லாமலே வேறு முறைக்கு மாறி, நிமிஷத்துக்கு 1,500 அடி வீதம் இறக்கினார். ஆயிரம் அடி உயரத்தில் மேகம் விலகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். மேகமோ அதற்கு வெகு கீழே வரையில் கவிந்திருந்தது. மேக மட்டம் மாறிக்கொண்டிருப்பதாக வானிலைக் குறிப்பில் இருந்த செய்தி அவர்களுக்குக் கிட்டவில்லை. இதற்குக் கீழே இறங்கலாகாது என்னும் உயரம் வந்தபோது, அதை உரக்கச் சொல்லவேண்டிய துணை விமானியும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அயர்வு. அவருக்கு ஓய்வு நேரம் இருந்தும் அதைத் தூக்கத்துக்குச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று வாரியம் தாட்சண்யமின்றி எழுதியிருக்கிறது. அது நியாயமே. ஆயினும் நிசியில் விழித்துப் பகலில் உறங்கென்றால் உடம்பு லேசில் கேட்பதில்லை என்பது, பகலில் கைக்குழந்தையையும் இரவில் நோயாளியையும் பார்த்துக்கொள்ளும் எந்தக் குடும்ப ஸ்திரீக்கும் தெரியும். வாரியமும் இதை ஒதுக்கிவிடவில்லை.

பிரயாணி விமானங்களை ஓட்டுவோருக்குப் புதிய ஓய்வு விதிகளை அமெரிக்க அரசாங்கம் 2011-இல் வகுத்தது. 2014 ஜனவரியில் அவை அமலுக்கு வந்தன. சரக்கு விமானிகளுக்கு மட்டும் விலக்கு. அந்த விதிகள் இவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெட்டிகளைச் சுமப்பவனுக்கும் மனிதர்களைச் சுமப்பவனுக்கும் தூக்கம் இருவகையா? காலையில் நம் வாசலுக்குப் பொட்டலம் வரவேண்டுமென்றால் யாரோ இரவெல்லாம் விழித்திருக்கத்தான் வேண்டும்.

அன்றிரவு அவ்விருவரும் பேசியது விமானத்தின் ஒலிப்பதிவுக் கருவியில் இருக்கிறது. அந்த ஓய்வு விதிகள் சரக்கு விமானிகளுக்கு மட்டும் ஏன் பொருந்தாது என்பதையும் அவர்கள் பேசியிருக்கிறார்கள்.