1340

முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் தேரன்று மாலை போன் வந்தது. நார்த்தாமலைப் பக்கம் ஒரு கிரஷரின் எடைமேடை அலுவலகம். சர்வர் பூட் ஆகவில்லை. கல்தூள் ஏறி ஃபேன் நின்று, சூட்டில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. திருச்சியிலிருந்து மாற்று சர்வரைக் காரில் வைத்துக்கொண்டு தேர்க்கூட்டத்துக்குள் ஊர்ந்து போய்ச் சேர ஒன்பது மணி ஆனது.

"சார், காலைல ஆறு மணிக்கு லாரி வந்துரும். பழைய பாக்கி எதுவும் தெரியாம எப்படி பில் போடுறது?" என்றார் எடைமேடைத் தம்பி.

பேக்கப் சென்னையில் பத்திரமாக இருந்தது. மொத்தம் 40 ஜிபி. அதற்குப் போகும் வழி தனி. அலுவலக வேலைக்கு ஃபைபர், பேக்கப்புக்கு மட்டும் 4ஜி ரூட்டர், அதன் மேல் ஒரு விபிஎன். இப்படிப் பிரித்து வைத்தவன் நான்தான். பகலில் பில்லிங் திணறக் கூடாது. அலுவலகக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்தாலும் அது பேக்கப் வரை போய்விடக் கூடாது. இன்றைக்கும் இதுதான் சரி என்பேன்.

பத்தரைக்குள் புது சர்வர் தயார். விபிஎன் இணைந்தது, பிங் போனது, பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. சின்னச் சின்ன ஃபைல்கள் வந்து விழுந்தன. பெரிய ஃபைல் தொடங்கியதும் அப்படியே நின்றது. பிழைச் செய்தியும் இல்லை. நிறுத்தி மறுபடி தொடங்கினேன். அதே இடத்தில் நின்றது.

தேருக்கு வந்த ஜனம் முழுக்கக் கையில் போனோடு நிற்கிறது, டவர் திணறுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். கூட்டம் கலையட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். பன்னிரண்டரைக்குத் தெரு அடங்கிவிட்டது. ஸ்பீடு டெஸ்டில் 20 எம்பிபிஎஸ் காட்டியது. ஃபைல் மட்டும் அசையவில்லை.

லைன் மெதுவாக இருந்தால் எல்லாமே மெதுவாக வரும். சிறியது வந்து பெரியது நின்றால் கோளாறு வேகத்தில் இல்லை, பாக்கெட்டின் அளவில். இதை முதல் பத்து நிமிடத்திலேயே யோசித்திருக்க வேண்டும். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்று சொல்லி, விபிஎன் வழியே அளவு வைத்து பிங் அனுப்பினேன். 1392 பைட் போகவில்லை. 1350 போகவில்லை. 1312 போய்த் திரும்பியது. தலைப்புக்கான 28 பைட்டைச் சேர்த்தால் 1340. புது சர்வரின் விபிஎன்னில் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1420 என்று தானாக அமைந்திருந்தது. சிறிய பாலத்தில் பெரிய லாரியை ஏற்றியது போல, பெரிய பாக்கெட்டெல்லாம் வழியில் காணாமல் போயின.

பழைய சர்வரில் மட்டும் இத்தனை நாள் எப்படி ஓடியது? ஏனென்றால் அதில் 1340 என்று நானே மாற்றி வைத்திருந்தேன். தினமும் டேட்டாவை பேக்கப் எடுத்தவன், அது திரும்பி வர வேண்டிய வழியின் செட்டிங்கை எடுக்கவில்லை. செத்துப்போன டிஸ்க்கோடு அந்த எண்ணும் போய்விட்டது.

இப்படிச் சிக்கியது நான் மட்டுமல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்துவிட்டார். பல விதமாக பேக்கப் வைத்திருந்தும், கைகொடுத்தது ஆறு மணி நேரம் முந்திய ஒரு நகல்தான். அதை மெதுவான டிஸ்க்கிலிருந்து நகர்த்த ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. அவர்கள் கழுத்தையும் பிடித்தது திரும்பி வரும் வழிதான்.

எண்ணை மாற்றி ஒன்று இருபதுக்கு மறுபடி தொடங்கினேன். 40 ஜிபியும் வர நாலரை மணி நேரம். ஆகவே 2 ஜிபி டேட்டாபேஸை முதலில் இழுத்தேன். கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. கடைசி பில் எண்ணைத் தம்பி தன் நோட்டோடு ஒத்துப் பார்த்து, "சரியா இருக்கு சார்" என்றார். மீதியிருந்த எடைமேடை லாரிப் படங்கள் விடிய விடிய வந்தன. ரெஸ்டோர் செய்கிறவர்கள் இந்த வரிசையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் அந்தத் தெளிவு வராது.

காலையில் நார்த்தாமலையின் மேலமலை ஏறினேன். அங்குள்ள விஜயாலய சோழீஸ்வரம் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. சாத்தன் பூதி எடுப்பித்த கற்றளி மழையால் சிதைந்ததையும், மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்ததையும் சொல்வது. எத்தனையோ முறை பார்த்த கோயில்தான். கட்டியது யார், கெட்டது எதனால், சரிசெய்தது யார் என்று அந்த இடத்திலேயே எழுதி வைத்தவர்கள் மேல் அன்றைக்குத்தான் எனக்கு அவ்வளவு மரியாதை வந்தது.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை, அதே 4ஜி லைன் வழியாக, காலியான ஒரு கணினியில் டேட்டாபேஸை ரெஸ்டோர் செய்து பார்க்கிறோம். சர்வர் ரேக் கதவின் உள்பக்கம் பெயிண்ட் பேனாவால் தேதியும், என்ன கெட்டது என்பதும், 1340 என்ற எண்ணும் எழுதி வைத்திருக்கிறோம்.